காவேரி நீர் வரமா? கணக்கா?

(காவேரிப் பாசனத்தின் கடைமடைக் கிராமமொன்றில் கூடிய கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பகலெல்லாம் வயலில் நின்றுவிட்டு இரவில் இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் உங்களிடத்தில் வீண் வார்த்தை பேசிக் காலம் போக்குவது நியாயமாகாது. ஆகவே நேராக விஷயத்துக்கே வருகிறோம்.

இன்று மாலை நாம் இவ்வூருக்குள் நுழையும்போது இரண்டு காட்சிகளைக் கண்டோம். ஒன்று, கோவில் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸ். மழை வேண்டி வருண ஜபம் நடத்தப் போவதாகவும், அதற்கு வீட்டுக்கு இருநூறு ரூபாய் வரி என்றும் அதில் கண்டிருந்தது. மற்றொன்று, இவ்வூருக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால். நெய்வேலிக் காட்டாமணக்கும் கோரையும் மண்டி, தரை மேடிட்டு, ஆடு மாடு மேயும் பூமியாக அது கிடந்தது. ஒருபுறம் வானத்திலிருந்து தண்ணீர் வரப் பணம் வசூலாகிறது. மற்றொருபுறம், வந்த தண்ணீர் வயலுக்குப் போக வழியில்லாமல் வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதே, இன்றைக்குப் பேச வேண்டியது இன்னதென்று முடிவு செய்துகொண்டோம்.

ஜபம் செய்கிறவர்களை நாம் திட்ட வரவில்லை. உங்களில் பலர் அந்த இருநூறு ரூபாயைக் கொடுத்துமிருப்பீர்கள். பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டு வயிறு எரிந்து நிற்கிறவனிடம் யார் என்ன சொன்னாலும் அவன் செய்வான். அது அவன் குற்றமன்று. இவ்வூரார் மாத்திரம்தானா இப்படிச் செய்கிறார்கள்? 2019-ம் வருஷத்தில் மழைக்காகக் கோவில்களில் யாகம் செய்யும்படி அறநிலையத் துறையிலிருந்தே சுற்றறிக்கை போயிற்று. படித்த உத்தியோகஸ்தர்களே அப்படிச் செய்யும்போது, படிக்காத குடியானவனைக் கேலி செய்ய நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆகவே நாம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். உங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து, யாரால், எப்படி வருகிறது என்பதை ஒரு தடவை கணக்குப் பார்த்துவிட்டு, பிறகு உங்கள் இருநூறு ரூபாயை எதற்குக் கொடுப்பதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

காவேரி பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். அகஸ்தியர் கமண்டலத்தில் அடைத்து வைத்திருந்தாராம். பிள்ளையார் காக்கையாய் வந்து அதைக் கவிழ்த்தாராம். அதிலிருந்து ஆறு ஓடிற்றாம். சரி, கமண்டலம் கவிழ்ந்த ஆறு வருஷமெல்லாம் ஒரே அளவாக அல்லவா ஓட வேண்டும்? சித்திரை வைகாசியில் மணலாய்க் கிடப்பானேன்? ஆடியில் பெருகுவானேன்?

காரணம் மிகவும் சாதாரணமானது. காவேரி பிறக்கும் குடகு மலையிலும், அதன் துணையாறான கபினி பிறக்கும் வயநாட்டிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையில் தென்மேற்குப் பருவக் காற்றால் மழை கொட்டுகிறது. கடலிலிருந்து ஈரம் சுமந்து வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் ஈரம் மழையாய் இறங்குகிறது. அந்தத் தண்ணீர்தான் ஆடியில் இங்கே பெருக்காய் வந்தது. அதற்கு நம் பாட்டிமார் மஞ்சளும் காதோலை கருகமணியும் விட்டு ஆடிப் பதினெட்டு கொண்டாடினார்கள். தண்ணீர் வந்த சந்தோஷத்தைக் கொண்டாடியதில் தவறொன்றுமில்லை. ஆனால் கொண்டாடியதனால்தான் தண்ணீர் வந்ததென்று எண்ணியதுதான் தவறு.

ஜபத்தினால் மழை வருமென்று சொல்கிறவர்களுக்கு ஒரு நாளை ஞாபகப்படுத்த விரும்புகிறோம். 2024-ம் வருஷம் ஜூலை 30-ந் தேதி மேட்டூர் அணை தன் முழு உயரமான 120 அடியை எட்டிற்று. நாமெல்லாம் சந்தோஷப்பட்டோம். அதே ஜூலை 30-ந் தேதி விடியுமுன் வயநாட்டில் மலை சரிந்து, தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் மண்ணுக்குள் போயின. இருநூறுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே பருவக் காற்று, ஒரே மழைக்காலம். அணை நிரம்பியது வருணன் நமக்குக் கொடுத்த வரம் என்றால், அந்தக் குழந்தைகளுக்கு அவன் கொடுத்ததற்கு என்ன பெயர்? மழைக்கு நம்மைத் தெரியாது தோழர்களே! அது யாரையும் வாழ்த்தவுமில்லை, யாரையும் சபிக்கவுமில்லை. பெய்கிற மழையைப் பிடித்து வைத்துக் கொள்ளுவதும், அதனால் ஆபத்து வராமல் ஏற்பாடு செய்து கொள்ளுவதும் மனிதன் வேலை.

அந்த வேலையை மனிதன் எப்படிச் செய்தானென்று பார்ப்போம். இந்த நாட்டில் சுமார் 1,800 வருஷங்களுக்கு முன்பே கரிகாலன் காலத்தில் கல்லணை கட்டினார்கள். 1836-ல் ஆர்தர் காட்டன் என்ற வெள்ளைக்கார என்ஜினீயர் முக்கொம்பில் மேலணையைத் தொடங்கினார். ஆனால் இவை இரண்டும் ஓடுகிற தண்ணீரைத் திருப்பிவிடுபவையே தவிரச் சேர்த்து வைப்பவை அல்ல. வெள்ளம் வந்தால் கரை உடையும். வராவிட்டால் பயிர் காயும். 1924-ல் காவேரியில் வந்த பெருவெள்ளம் பட்ட பாட்டை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அவர்களுடைய பெரியவர்களிடம் கேட்டிருப்பார்கள். ஆக, மழைக்காலத்துத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு பெரும் பாத்திரம் தேவையாயிற்று. அந்தப் பாத்திரம்தான் மேட்டூர்.

அது சுலபத்தில் வந்ததா? இல்லை. மேலே மைசூரார் கிருஷ்ணராஜசாகரம் கட்டிக் கொண்டிருந்தார்கள். கீழே சென்னை மாகாணத்தார் தங்கள் பாசனத்துக்குப் பங்கம் வருமென்று தகராறு செய்தார்கள். பல வருஷ வாதத்துக்குப் பிறகு 1924-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இரு சர்க்காருக்கும் ஒப்பந்தமாயிற்று. 1925-ல் மேட்டூரில் வேலை தொடங்கிற்று. கர்னல் எல்லிஸ் என்பவர் போட்ட திட்டம். ஒன்பது வருஷப் பிரயாசை. 1934 ஆகஸ்டு 21-ந் தேதி அணை திறக்கப்பட்டது. நீளம் 5,300 அடி, அதாவது ஒரு மைல். நீர் நிற்கும் உயரம் 120 அடி. நீர் நிறைந்து நிற்கும் பரப்பு சுமார் 60 சதுர மைல். கொள்ளளவு 93.47 டி.எம்.சி.

தேக்கத்துக்கு அப்பொழுது கவர்னராயிருந்த ஸ்டான்லியின் பெயரை வைத்தார்கள். வெள்ளநீர் போகும் பதினாறு கண் மதகுக்கு எல்லிஸின் பெயர். கல் உடைத்தவன் பெயர், சாந்து குழைத்தவள் பெயர், சாரத்தின் மேல் நின்று உயிரைப் பணயம் வைத்தவன் பெயர் யாருக்குத் தெரியும்? அந்த ஒரு மைல் நீளச் சுவரில் ஒரு கல்லாவது மந்திரத்தால் தானே ஏறி உட்கார்ந்ததா? எல்லாம் கூலிக்காரனுடைய கை. நம் ஜனங்களோ தண்ணீரைக் கண்டதும் ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிடுகிறார்கள். ஆகாயம் தண்ணீரைக் கொட்டியது உண்மை. ஆனால் ஜூலையில் கொட்டிய தண்ணீரை ஜனவரி வரையில் உங்களுக்காக வைத்திருந்து கொடுப்பது அந்தச் சுவர்தானே?

ஜூன் 12-ந் தேதி மேட்டூரில் தண்ணீர் திறப்பது வழக்கம். மந்திரிமார் வருகிறார்கள், பொத்தானை அமுக்குகிறார்கள், மதகு தூக்குகிறது, பாய்ந்து வரும் தண்ணீரின் மேல் பூவைத் தூவுகிறார்கள். நாம் ஒரு சிறிய பரீட்சை சொல்லுகிறோம். ஒரு வருஷம் பூவை மாத்திரம் தூவிவிட்டுப் பொத்தானை அமுக்காமலிருந்து பார்க்கட்டும். மறு வருஷம் பொத்தானை மாத்திரம் அமுக்கிவிட்டுப் பூவைத் தூவாமலிருந்து பார்க்கட்டும். எந்த வருஷம் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேருகிறதென்று பார்த்தால், தண்ணீருக்கும் பூவுக்கும் உள்ள சம்பந்தம் சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கிவிடும். சில வருஷங்களில் ஆற்றில் தண்ணீரில்லாமல் ஆடிப் பதினெட்டுக்கென்றே மேட்டூரில் திறந்து விட்டார்கள். பார்த்தீர்களா? காவேரித் தாய் பெருகியதற்காகப் பூஜை என்பது போய், பூஜை செய்வதற்காக என்ஜினீயர் மதகைத் திறந்து தாயைப் பெருகச் செய்யும்படி ஆகிவிட்டது!

நிற்க. இனிக் கணக்குக்கு வருவோம். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. சுமார் 23,000 ஏக்கரில் ஓரடி உயரம் தண்ணீர் நிறுத்தினால் அது ஒரு டி.எம்.சி. மேட்டூரிலிருந்து விநாடிக்குப் பதினாயிரம் கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் திறந்தால் 86 கோடி 40 லட்சம் கன அடி போகும். அப்படியானால், உள்ளே ஒரு சொட்டும் வராவிட்டால், நிரம்பிய அணை எத்தனை நாளைக்குக் காணும்? 108 நாளைக்கு. ஜபக்காரரும் 108 என்கிறார். நமது கணக்கிலும் 108 வருகிறது! ஆனால் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரையில் பாசனக் காலம் ஏறக்குறைய 230 நாள். மீதி நாளைக்கு எங்கே போவது? மேலேயிருந்து வரத்து வரவேண்டும்; இடையில் வடகிழக்குப் பருவமழை கைகொடுக்க வேண்டும்.

இந்த வரத்துக்காகத்தான் இவ்வளவு வழக்கு. 1990-ல் நடுவர் மன்றம் ஏற்பட்டு, 2007-ல் தீர்ப்புச் சொல்லி, அது சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 2018 பிப்ரவரி 16-ந் தேதி முடிவாயிற்று. பிலிகுண்டுலுவில் அளந்து வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. கர்நாடகம் விட வேண்டுமென்பது அந்தத் தீர்ப்பு. அதைக் கவனிக்க அதே வருஷத்தில் ஓர் ஆணையமும் ஏற்பட்டது. இந்த 177.25 எந்தச் சாஸ்திரத்திலிருந்து வந்தது? எந்தப் பஞ்சாங்கத்திலிருந்து வந்தது? அளவுகோல் வைத்து அளந்தவர்களும், கணக்குப் போட்டவர்களும், வாதாடியவர்களும் கொண்டு வந்தது. கர்நாடகத்துக் குடியானவனும் நம்மைப் போலவே வெயிலில் காய்கிறவன்தான். அவனை விரோதியாக்கிப் பேசி ஓட்டு வாங்குகிறவர்கள் இரு பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நாம் கல்லெடுத்தால் ஒரு கன அடி கூட அதிகம் வராது. இரண்டு குடியானவர்களும் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தால் சண்டைக்குப் பாதி வேலை போய்விடும்.

இனி மின்சாரத்தைப் பற்றிச் சில வார்த்தை. மின்சாரம் எடுத்துவிட்ட தண்ணீரில் சாரம் போய்விடுகிறது, அது சக்கைத் தண்ணீர், அதில் பயிர் ஊட்டமாய் வராது என்று சொல்கிறவர்கள் உண்டு. இங்கே சிரிக்கிறீர்கள், சிரிப்பவர்களிலேயே சிலருக்கு உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருக்கும். பெயரிலேயே சாரம் இருப்பதால் தண்ணீரின் சாரத்தைத்தான் உறிஞ்சி எடுக்கிறார்களென்று நினைப்பது இயல்புதான். ஆனால் உங்கள் பாட்டனார் ஏற்றம் மிதித்ததை நினைத்துப் பாருங்கள். ஏற்ற மரத்தின் மேல் ஒருவன் முன்னும் பின்னும் நடப்பான். அவன் உடம்பின் எடையால் மரம் தாழும், சால் மேலே வரும். நடந்தவன் உடம்பிலிருந்து எதையாவது உறிஞ்சியா அந்தச் சால் மேலே வந்தது? அவன் எடை இறங்கியது. அந்த இறக்கம் வேலை செய்தது. அவ்வளவுதான்.

மேட்டூரில் நடப்பதும் அதுவே. உயரத்தில் நிற்கும் தண்ணீர் பெருங்குழாய் வழியாய்க் கீழே இறங்குகிறது. இறங்கும் வேகம் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரத்தின் அச்சிலேயே பெரிய காந்தம் பொருத்தியிருக்கிறது. செப்புக் கம்பிச் சுருளுக்கு நடுவில் காந்தம் சுழன்றால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். இதை 1831-ல் கண்டு சொன்னவர் மைக்கேல் பாரடே. அவர் ஒரு கொல்லனுடைய மகன், புத்தகம் தைக்கும் கடையில் வேலை பழகிய பிள்ளை. சக்கரத்தைச் சுழற்றிய தண்ணீர் மறுபக்கத்தில் அப்படியே ஆற்றுக்கு வந்துவிடுகிறது. அதே நிறம், அதே ருசி, அதே அளவு. உயரத்திலிருந்து இறங்கிவிட்டது என்பது தவிர அதற்கு வேறு நஷ்டமில்லை.

எவ்வளவு கிடைக்கிறதென்றும் கணக்குப் பாருங்கள். விநாடிக்கு 35 கன அடித் தண்ணீர் நூறு அடி உயரத்திலிருந்து இறங்கினால், தேய்மானம் போகச் சுமார் 250 கிலோவாட் கிடைக்கும். ஐந்து குதிரைத்திறன் பம்பு செட்டு ஐம்பதை அதைக் கொண்டு ஓட்டலாம். நமது பக்கத்தில் முதன்முதல் 1902-ல் காவேரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். 1932-ல் நீலகிரியில் பைக்காரா. 1937-ல் மேட்டூர். அணையடியிலுள்ள மின் நிலையத்தின் திறன் இன்று 50 மெகாவாட். 1960-களில் சுரங்க வழியாய்த் தண்ணீர் கொண்டுபோய் 200 மெகாவாட்டுக்கு மற்றொரு நிலையம் கட்டினார்கள். அதற்குக் கீழும் ஆற்றில் கதவணைகள் போட்டு, ஒரு தடவை வேலை செய்த தண்ணீரையே மீண்டும் மீண்டும் வேலை வாங்குகிறார்கள்.

இந்த மின்சாரத்தைத் தருவது யார்? தனிமனிதனல்ல, பொதுச் சொத்து. 1957 ஜூலை 1-ந் தேதி மின்சார வாரியம் ஏற்பட்டது. 2010-லும் 2024-லும் அதைப் பிரித்துப் பல கழகங்களாக்கினார்கள். பெயர் எப்படி மாறினாலும் அது உங்கள் வரிப் பணமும் கட்டணமும் சேர்ந்த சொத்து. மற்றொன்றையும் தெரிந்து கொள்ளுங்கள். மேட்டூரில் மின்சாரத்துக்கென்று தனியாகத் தண்ணீர் விடுவதில்லை. பாசனத்துக்கும் குடிப்பதற்கும் விடுகிற தண்ணீரே சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் போகிறது. பாசனத்துக்குத் திறக்காத நாளில் சக்கரம் பெரும்பாலும் சும்மா நிற்கும். குடியானவன் பங்கைத் திருடி மின்சாரம் செய்கிறார்கள் என்கிற பேச்சும் ஆகவே பொய்.

அந்தக் கம்பியின் யோக்கியதை ஒன்றைச் சொல்ல வேண்டும். கோவில் தேர் எத்தனை ஊரில் சேரித் தெருவுக்குள் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தேர் போகாத தெருவுக்கும் கம்பி போகும். பொத்தானைத் தொட்டவன் எந்தச் சாதி என்று விளக்கு கேட்பதில்லை. ஆனால் கம்பி தானாக நடந்து போவதில்லை. மனிதன்தான் இழுக்க வேண்டும். மேலத் தெருவில் முதலிலும் சேரியில் கடைசியிலும் இழுத்த ஊர்கள் உண்டு. அந்தத் தாமதம் மின்சாரத்தின் குணமல்ல, இழுத்த மனிதனின் குணம். அதை நாம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்.

அணையைப் பற்றி இவ்வளவு பெருமை பேசினோமே, அது குற்றமற்ற வஸ்துவா என்றால், இல்லை. அதையும் சொல்லாமற் போனால் நாமும் ஒரு புதுப் பூசாரி ஆகிவிடுவோம்.

அந்த 60 சதுர மைல் தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது? ஊர்கள் இருந்தன. நீர்மட்டம் சுமார் எழுபது அடிக்குக் கீழே இறங்கினால், பண்ணவாடிப் பக்கத்தில் ஜலகண்டேஸ்வரர் கோவில் நந்தி தலையைத் தூக்குகிறது. பழைய மாதா கோவிலின் கோபுரமும் வெளியே தெரிகிறது. உடனே ஜனங்கள் கூட்டங் கூட்டமாய்ப் பார்க்கப் போகிறார்கள். பெயரிலேயே ஜலத்தை வைத்திருந்த சாமிக்கு ஜலத்தைத் தடுக்க முடியவில்லை. கடல் மேல் நடந்ததாகச் சொல்லப்படும் சாமியின் கோவிலும் தண்ணீருக்கு மேல் நிற்கவில்லை. இரு மதத்துச் சாமிகளும் வருஷக் கணக்காய் மீனுக்கு வீடாயிருக்கிறார்கள். உலகம் ஒன்றும் அழிந்துவிடவில்லை. அவர்களால் ஆகாத காரியத்தை மனிதன் செய்திருக்கிறான் என்பதற்கு அந்த நந்தியே சாட்சி.

ஆனால் நாம் கவலைப்படுவது நந்தியைப் பற்றியல்ல. அந்த நந்தியைச் சுற்றி வீடு கட்டி வாழ்ந்தவர்களைப் பற்றி. வெளியே வந்த கல்லைப் பார்க்க வண்டி வைத்துப் போகிறவர்களில் எத்தனை பேர், இங்கே இருந்த குடும்பங்கள் எங்கே போயின என்று கேட்டார்கள்? அந்தக் காலத்தில் நடந்தது 1894-ம் வருஷத்து நில ஆர்ஜிதச் சட்டம். அது நிலத்துக்கு விலை சொல்லிற்று; பாத்தியதை காட்டக்கூடியவனுக்கு நஷ்ட ஈடு. பிறத்தியார் நிலத்தில் அறுப்பறுத்தவனுக்கும், மண்பானை செய்தவனுக்கும், ஊராருக்குச் சவரம் செய்து வருஷ நெல் வாங்கியவனுக்கும் என்ன பாத்தியதை இருந்தது? நிலமுள்ளவனுக்கு மூழ்கியது நிலம். நிலமில்லாதவனுக்கு மூழ்கியது பிழைப்பு. பிழைப்புக்கு அந்தச் சட்டத்தில் விலை இல்லை. கூலிக்காரனும் குத்தகைக்காரனும் கைத்தொழிலாளியும் பாதிக்கப்பட்ட குடும்பமென்று சட்டத்தில் ஏற, 2013 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது மேட்டூர் அணை திறந்து 79 வருஷம்! நமது வயலில் பச்சை தெரியும்போதெல்லாம் அந்த ஜனங்களுக்கு நாம் கடன்பட்டவர்கள் என்பதை மறக்கக் கூடாது. இனி எங்கே அணை கட்டினாலும், முதல் கல் வைக்கு முன்பு அங்கிருக்கும் கூலிக்காரனுடைய கணக்கைத் தீர்க்கும்படி கேட்பதுதான் அந்தக் கடனை அடைக்கும் வழி.

இன்னொரு குற்றம் வண்டல். ஆறு தண்ணீரை மாத்திரம் கொண்டு வருவதில்லை. மண்ணையும் கொண்டு வருகிறது. தண்ணீரைத் திறந்து விடுகிறோம், மண் அடியில் தங்கிப் போகிறது. வருஷா வருஷம் பாத்திரம் சிறுத்துக்கொண்டே வருகிறது. 1934-ல் கட்டிய அணையில் 2017-ல்தான், தண்ணீர் வற்றிக் கிடந்தபோது, வண்டலை அள்ளிக்கொண்டு போகக் குடியானவர்களுக்கு வழி செய்தார்கள். 83 வருஷம் யாரும் கேட்கவில்லை. ஆகவே யாரும் செய்யவில்லை.

இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பெரிய அணைகளை நவீன காலத்துக் கோவில்கள் என்று நேரு புகழ்ந்தார். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனாலும் அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம். கோவில் என்று பெயர் வைத்தால், கும்பிடலாம், கேட்கக்கூடாது என்றாகிவிடும். சாமியிடம் வரம் கேட்கலாம். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது. உன் பாவம் என்று உன் தலையிலேயே கையை வைத்துவிடுவார்கள். அணையிடம் வரம் கேட்க வேண்டியதில்லை, கணக்குக் கேட்கலாம். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, தலைமடையில் யார் எடுத்தது, கடைமடைக்கு ஏன் வரவில்லை, தூர் வாரிய பணம் எங்கே என்று ஒவ்வொன்றையும் கேட்கலாம். வரம் கேட்கிறவன் பிச்சைக்காரன். கணக்குக் கேட்கிறவன் சொந்தக்காரன். மானமுள்ள மனிதன் எது ஆக விரும்புவான் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சிலர், மழையே பெய்யாவிட்டால் கணக்குக் கேட்டு என்ன பிரயோஜனம் என்பார்கள். நல்ல கேள்வி. மழை பெய்யாத வருஷத்தில் ஜபமும் உதவாது, கணக்கும் மழையைக் கொண்டு வராது. ஆனால் கணக்குத் தெரிந்தவன் இருக்கிற தண்ணீருக்கேற்ற பயிரை வைப்பான். குறுவைக்குத் தண்ணீர் காணாதென்று தெரிந்தால் விதை நெல்லை மிச்சம் பிடிப்பான். பெய்கிற நாலு மழையையும் குளத்தில் பிடித்து வைப்பான். ஜபத்தை நம்பினவனோ விதையையும் விட்டு, இருநூறு ரூபாயையும் விட்டு, கடைசியில் ஜபத்தில் ஏதோ குறை என்று மறுபடியும் வசூல் கொடுப்பான்.

முடிவாக, இவ்வூர் வாய்க்காலுக்கு வருவோம். மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து பிரிந்து, உங்கள் ஊர் எல்லை வரையில் வந்து நிற்கிறது. கடைசி ஒரு மைலில் காட்டாமணக்கு நிற்கிறது. அத்தனை தூரத்தையும் கடந்து வந்த தண்ணீர் அந்தச் செடியிடம் தோற்றுப் போகிறது. சமீப வருஷங்களில் கோடைதோறும் டெல்டா ஜில்லாக்களில் தூர் வாரச் சர்க்கார் பணம் ஒதுக்குகிறது. இவ்வூர் வாய்க்காலின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததா? இருந்தால் யார் வாரினார்கள்? இல்லையானால் ஏன் இல்லை? இதைக் கேட்க 2005-ம் வருஷத்திலிருந்து தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு வெள்ளைக் காகிதமும் பத்து ரூபாய் ஸ்டாம்பும் போதும். முப்பது நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எந்த வருணனாவது முப்பது நாளைக்குள் பதில் எழுதியதுண்டா?

ஆகவே தோழர்களே! நாம் கேட்டுக் கொள்ளுவது இதுதான். நாளைக் காலையில் ஊரார் கூடுங்கள். மேலத் தெருவாரும் சேரியாரும் ஒன்றாய் உட்காருங்கள். வாய்க்கால் எல்லோருக்கும் பொது. ஒருவர் மனு எழுதட்டும். எழுத்துக்கூட்டத் தெரிந்த பெண் பிள்ளைகள் இவ்வூரில் நிறைய இருக்கிறார்கள், அவர்களையே எழுதச் சொல்லுங்கள். பதில் வரும் வரையில் சும்மா இராமல், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்குங்கள். இருநூறு ரூபாயைக் கொடுத்தே தீரவேண்டுமென்று தோன்றினால், அந்த ஒரு மைல் காட்டாமணக்கை வேரோடு பிடுங்குகிற கூலிக்குக் கொடுங்கள். அடுத்த தடவை மேட்டூரில் மதகு திறக்கும்போது, தண்ணீர் உங்கள் வயல் மடையில் வந்து விழட்டும். அன்றைக்கு வேண்டுமானால் பூவைத் தூவிக் கொள்ளுங்கள். வாய்க்கால் வெட்டியவனுடைய தலைமேல் தூவுங்கள்.